நோரா பொறுப்பில்லாதவளா?

நார்வே நாடக ஆசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்து நோராவைப் பொறுப்பில்லாதவள் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நோயாளிப் புருஷனைக் காப்பாற்றப் பணம் வேண்டும், கணவன் சம்மதம் இல்லாமல் மனைவி கடன் வாங்க முடியாத காலம், அதனால்தான் ஜாமீனுக்கு அப்பா கையெழுத்தைத் தானே போடுகிறாள். அப்புறம் துணிமணிக்குத் தரும் காசில் பாதியை மிச்சம் பிடித்து, குளிர்காலத்தில் ராத்திரி கதவைப் பூட்டிக்கொண்டு நகலெழுதிச் சம்பாதித்து அந்தக் கடனைக் கட்டுகிறாள், இதுவா பொறுப்பில்லாமை? எங்கள் காரைக்குடிப் பக்கம் சீதனப் பணத்தைப் பெண் பேரில் தனியாக வரவு வைத்து வட்டி சேர்ப்பது பழைய வழக்கம். நோராவுக்கு அப்படி ஒரு கணக்கே இல்லை. நோராவின் தோழி கிறிஸ்டினாவையும் கட்டுரை கண்டுகொள்ளவில்லை. படுத்த படுக்கையான அம்மா, இரண்டு தம்பிகள், இவர்களுக்காகக் காதலித்தவனை விட்டுவிட்டு வசதியானவனைக் கட்டிக்கொண்டவள் அவள், அதையும் எழுதுங்கள் ஐயா.