இன்னும் கனமான பிளேட் வைக்காதீங்கய்யா!

ஜீப்பில் ஷாக் மவுண்ட் (ஷாக் அப்சார்பரை வண்டியோடு பிடித்துவைக்கிற இரும்பு) பிய்த்துக்கொண்டு வந்துவிட்டால் பட்டறைகளில் ஒரே வைத்தியம்தான். "பழைய பிளேட் வீக் சார், 10 எம்எம் போட்டுடலாம்." போட்டும் விடுவார்கள். அதற்கப்புறம் மவுண்ட் உடையாது, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் கிழியும். அத்தனை கனமான பிளேட்டைக் கொண்டுபோய் சேசிஸின் மெல்லிய 'சி' வடிவச் சட்டத்தில் ஒட்டினால் அடி எங்கே இறங்கும்? என் பழைய ஜீப்பில் வெல்டிங் முடிகிற ஓரத்தில் ஆரம்பித்த விரிசல் இப்போது கீழ் விளிம்பு வரை இறங்கிவிட்டது.

ஏன் உடைந்தது என்று ஒருத்தராவது கேட்டாரா? முன்பு வைத்திருந்தவர் நீளமான ஷேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கைச் சேசிஸோடு இணைக்கிற துண்டு) போட்டு வண்டியை உயர்த்திவிட்டார். ஷாக் மட்டும் பழைய நீளத்திலேயே இருக்கிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுகிற மாதிரிப் பாதையில் ஒரு சக்கரம் பாறை மேல் இருந்தால் இன்னொன்று பள்ளத்தில் தொங்கும். அப்போது ஷாக் முழுசாக நீண்டு, ஆக்சில் கனத்தையெல்லாம் மவுண்டில் இருக்கிற ஒற்றை இரும்புப் பின்தான் இழுத்துப் பிடிக்கிறது. அதுவும் ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள பின். இரண்டு காதுக்கு நடுவில் போல்ட் போட்டிருந்தாலாவது தாங்கும். சக்கரம் மேலே ஏறும்போது முதலில் இடிக்க வேண்டியது பம்ப் ஸ்டாப் ரப்பர். அது எப்போதோ விழுந்துபோய், மாற்ற ஆளில்லாமல், அந்த இடியையும் ஷாக்கே வாங்குகிறது.

சரி, நீளமான ஷாக் வாங்கிக் கொடுத்தால்? இடம் பத்தவில்லை என்று 45 டிகிரி சாய்த்து மாட்டி வைக்கிறார்கள். அந்தச் சாய்வில் சக்கரத்துக்குக் கிடைக்கிற டேம்பிங், அதாவது துள்ளலை அடக்குகிற வேலை, பாதிதான். 30 டிகிரியில்கூட முக்கால்தான் தேறும். காசு கொடுத்து வாங்கிய ஷாக்கில் பாதியை வீணடிக்க ஒரு மெக்கானிக் எதற்கு?

ஜாக்கி வைத்துச் சக்கரத்தை முழுசாக ஏற்றி ஒரு அளவு, முழுசாகத் தொங்கவிட்டு ஒரு அளவு, மவுண்டுக்கு மவுண்ட் டேப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஷாக் மூடிய நீளம் முதல் அளவைவிடக் குறைவாகவும், விரிந்த நீளம் இரண்டாவதைவிட அதிகமாகவும் இருந்தால் மவுண்ட் ஏன் உடையப்போகிறது? இதைச் சொன்னால், "அதெல்லாம் பார்த்தா வேலை ஓடாது சார்" என்கிறார் மெக்கானிக்.

வெல்டிங்காவது ஒழுங்கா? விரிசலின் நுனியில் சின்ன ஓட்டை போட்டு அதை நிறுத்த வேண்டும். கிரைண்டரில் பள்ளம் எடுத்து நிரப்பி, மேலே மூலை உருட்டிய டைமண்ட் வடிவப் பிளேட் வைக்க வேண்டும். இவர்கள் பெயிண்டைக்கூடச் சுரண்டாமல் சதுரப் பிளேட்டை ஒட்டி, சேசிஸுக்குக் குறுக்கே நேர்கோட்டில் வெல்டிங் ராடை இழுத்துவிடுகிறார்கள். அடுத்த விரிசல் அந்தக் கோட்டிலேயேதான் வரும். கூலி மட்டும் இரண்டு மடங்கு. கேட்டால், ஹெவி டியூட்டி வேலையாம்!