காற்றைப் பிடுங்கிவிட்ட சாருக்கு

அந்த நாற்பது விநாடி வீடியோவை நேற்றிலிருந்து ஆறு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். ஏழாவதாக அனுப்பப் போகிறவர் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது எங்கள் தெரு. சென்னை தி. நகர் பாண்டி பஜாருக்குப் பின்னால் இருக்கும் தெரு. ஆன்லைன் பார்சல் ஏற்றிவந்த மீன்பாடி வண்டியையும் தெரியும் (காலால் மிதிக்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டி), வண்டிக்காரப் பெரியவரையும் தெரியும், குனிந்து மூன்று சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்ட சாரையும் தெரியும். இதில் "ஸ்மார்ட் சிட்டியில் மீன்பாடி வண்டி எதற்கு?" என்று தலைப்பு வேறு.

சரி சார். அப்போ பார்சல் வண்டி எங்கே நிற்கும்? அதை முதலில் சொல்லுங்கள்.

நேற்று இடது பக்கம் நின்ற கார்களை எண்ணினேன். பதினொன்று. அதில் இரண்டு, உறை போர்த்தி பொங்கலிலிருந்து நகராதவை. டயருக்கடியில் பூனை குட்டி போட்டிருக்கிறது. அவற்றின் காற்றை யாரும் பிடுங்கவில்லை. மூட்டையோடு நாலு நிமிஷம் நின்ற மிதிவண்டிதான் ஊருக்கு இடைஞ்சல்.

அந்த நாலு நிமிஷத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? மூட்டைக்குள் கையை விட்டு, மார்க்கர் பேனாவில் பெரிதாக எழுதிய நம்பரைத் தேடி எடுக்கிறார். போன் போடுகிறார். மூன்றாவது மாடி எடுக்கவில்லை. மறுபடி போடுகிறார். "ஓடிபி சொல்லுங்கம்மா." "இருங்க, அது என் பையன் போனுக்கு வரும்." பையன் காலேஜில் இருக்கிறான். நாலில் மூன்று நிமிஷம் நம் வீட்டுக் கணக்கு, அவருடையது அல்ல.

பெட்ரோல் கிடையாது, புகை கிடையாது, ஹாரன்கூடக் கிடையாது. லண்டனில் 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. நகரின் நடுப்பகுதியில் சரக்கு சைக்கிள் மணிக்கு 10 பார்சல் கொடுக்கிறது, வேன் 6 தான் கொடுக்கிறது என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அங்கே அதற்குப் பெயர் கார்கோ பைக். ஹெல்மெட் போட்ட வெள்ளைக்காரர் ஓட்டுகிற படம் வந்தால் நம் ஆட்களே ஹார்ட் விடுவார்கள். அதே வேலையைக் கைலி கட்டிய பெரியவர் மாம்பலத்தில் செய்தால் அசிங்கம்.

"எல்லாம் பேட்டரி வண்டி ஆகிவிடும், பிரச்சினை தீர்ந்துவிடும்" என்று ஒரு நண்பர். ஆகட்டும். ஃபிளிப்கார்ட்கூட 2030-க்குள் டெலிவரி வண்டிகளை முழுக்க மின்சாரத்துக்கு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் பேட்டரி வண்டி காற்றில் மிதக்குமா? அதுவும் தெருவில்தானே நிற்க வேண்டும்? டீசல் வேன் அடைக்கிற அதே இடத்தைப் பேட்டரி வேனும் அடைக்கும், புகை விடாமல் அடைக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். கார் நிறுத்த தணிகாசலம் சாலையில் மாடி கட்டினார்கள். டெலிவரிப் பிள்ளைகள் உட்கார அண்ணா நகரிலும் தி. நகரிலும் மாநகராட்சி ஏசி அறை திறந்தது, கைதட்டினேன். வண்டிக்கு? தெருவுக்கு இரண்டு கார் நிற்கும் நீளத்தில் மஞ்சள் கோடு போட்டு, "பார்சல் இறக்க மட்டும், பத்து நிமிஷம்" என்று எழுதினால் குடியா முழுகிவிடும்? வாட்ச்மேன் அறையில் ஒரு ஷெல்ஃப் அடித்தால் மூன்று மாடிக்கும் தனித்தனியாகக் காத்திருக்க வேண்டாம். போன வருஷம் அசோசியேஷன் மீட்டிங்கில் இதைச் சொன்னேன். அழகு கெட்டுவிடுமாம்.

இன்னொருவர் நீளமாக எழுதியிருந்தார். மனுஷன் மிதிக்கிற வண்டிக்கு நான் கொடி பிடிக்கிறேனாம், அது உழைப்புச் சுரண்டலாம். இது கொஞ்சம் வலித்தது. ஏனென்றால் என் அப்பா ஓட்டியது மீன்பாடி வண்டி. ஆண்டர்சன் தெருவிலிருந்து திருவல்லிக்கேணி அச்சகங்களுக்குப் பேப்பர் ரீம் ஏற்றிப்போவார். மழை வந்தால் தன் சட்டையைக் கழற்றித் தார்ப்பாயின் ஓட்டையில் அடைப்பார், ரீம் நனைந்தால் கூலியில் பிடிப்பார்கள் என்று. ராத்திரி முழங்காலுக்கு அம்மா எண்ணெய் தேய்க்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறேன். எனக்கா சுரண்டல் பாடம்?

சரி, அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. யாரும் அப்படி மிதிக்கக் கூடாது. 1973-இல் கலைஞர் கைரிக்‌ஷாவை ஒழித்தபோது, இழுத்தவர்களிடம் "போய் வா" என்று சொல்லவில்லை. கையில் சைக்கிள் ரிக்‌ஷாவைக் கொடுத்தார். அதேபோல் இந்தப் பெரியவருக்கு மோட்டார் வைத்த வண்டியைக் கொடுங்கள். 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் இணையவழி சேவைத் தொழிலாளர்கள் 2,000 பேருக்கு மின்ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்களே, அந்த வரிசையில் மூன்று சக்கரக்காரரையும் நிறுத்துங்கள். காற்றைப் பிடுங்குவது எந்த ஊரில் தொழிலாளர் நலன்?

"நீயும் ஆன்லைனில் வாங்குகிறவன்தானே?" ஆமாம். போன வாரம் ஒரு போன் கவர், ஒரு வடிகட்டி, ஒரு பாக்கெட் பேனா. மூன்று நாளில் மூன்று பேர் வந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நாளில் அனுப்பு என்று தட்ட அந்தச் செயலியில் இடம் இருந்தது. நான் தட்டவில்லை. அந்த வடிகட்டி தெருமுனைப் பாத்திரக்கடையிலேயே கிடைக்கும். தப்புதான். ஆனால் என் தப்புக்காக நான் யார் டயரையும் தொடவில்லை.

வீடியோ முடிந்தபிறகு நடந்தது யாருக்கும் வரவில்லை, எடுத்தவர் மாடிக்குப் போய்விட்டார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. மூட்டையோடு வண்டியைத் தள்ளினார், நானும் பின்னால் கை கொடுத்தேன். பஞ்சர் கடை வரைக்கும் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்: "மழை வருமா தம்பி?" அட்டைப் பெட்டி நனையும் என்ற கவலை. அப்பாவேதான்.

நாளை காலை எனக்கு ஒரு பார்சல் வருகிறது. என் ஸ்கூட்டரை எடுத்து வீட்டு வராந்தாவில் ஏற்றிவிடப் போகிறேன். அந்த இடத்தில் அவர் வண்டி நிற்கும். ஓடிபியோடு நான் கீழே நிற்பேன். சார், வேண்டுமானால் அதையும் வீடியோ எடுத்துப் போடுங்கள்.