உயர்ஸ்தானிகர் பதவியும் மலையக மக்களும்

உங்கள் தொடர் கட்டுரையில், இலங்கைக்கான இந்திய உயர்ஸ்தானிகர் (தூதர்) பதவியின் வரலாற்றை 1947இல் வந்த வி.வி.கிரியிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். சரிதான். ஆனால் அதற்கு முன்பே, 1920களிலிருந்து, இந்திய அரசின் ஏஜென்ட் ஒருவர் கண்டியில் இருந்தார். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரின், அதாவது எங்கள் மலையக மக்களின், கூலி, குடியிருப்பு நிலைமையைப் பார்ப்பதுதான் அவர் வேலை. 1943இல் எம்.எஸ்.ஆனே இந்திய அரசின் பிரதிநிதியாக வந்தார். ஆக இந்தப் பதவியின் வேரே எங்கள் லயன்களில்தான் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்தான்) இருக்கிறது. கட்டுரையில் அது ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம்.

கிரி ரயில்வே தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர், பின்னாளில் இந்தியாவின் ஜனாதிபதி. அவர் கொழும்பில் இருந்த காலத்தில்தான் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்களவரை நாடற்றவர் ஆக்கியது. அப்புறம் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. அந்த மீதியைப் பாதி பாதியாகப் பிரிக்க 1974 வரை ஆனது.

எங்கள் தாத்தா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்தார், அவருடைய தம்பி இந்தியப் பிரஜாவுரிமைக்கு. சின்னத் தாத்தா குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. அண்ணனும் தம்பியும் மறுபடி சந்திக்கவே இல்லை. இப்போது கொழும்பு காலி வீதியில் இந்திய உயர்ஸ்தானிகர் அலுவலகத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அன்றைய உயர்ஸ்தானிகர் தீட்சித்தோ 1987 இந்திய - இலங்கை ஒப்பந்தமோ நினைவுக்கு வருவதில்லை. சின்னத் தாத்தாதான் வருகிறார். அடுத்த பகுதியில் தயவுசெய்து கண்டி அலுவலகத்தைப் பற்றியும் எழுதுங்கள்.