அற்ப வழக்குகள்தான் பொக்கிஷம்

சிற்றூர் நீதிமன்றங்களின் பழைய ஏடுகளில் அற்பச் சண்டைகளே அதிகம் என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. சரி, ஆனால் எனக்கு அவைதான் பொக்கிஷம். இங்கிலாந்தின் வேக்ஃபீல்டில் நிலப்பிரபுவின் நீதிமன்றப் பதிவுகள் 1274இல் தொடங்கி 1925 வரை நீள்கின்றன. அடுத்தவர் பயிரில் மாடு மேய்ந்தது, அனுமதியில்லாமல் விறகு எடுத்தது, கடனைத் திருப்பாதது எல்லாம் பல நூற்றாண்டுகள் லத்தீனில், தோல் சுருளில் எழுதப்பட்டன. அபராதம் என்னவோ சில பென்ஸ்தான். ஆனால் யாருக்கு யார் ஜாமீன் நின்றார் என்பதும் கூடவே இருக்கும். ஊரில் யாருக்கு யார் வேண்டியவர் என்று அதிலேயே தெரிந்துவிடும்! அப்புறம், ஏல் என்ற பீரைக் காய்ச்சி விற்று அபராதம் கட்டிய பெண்கள். அரசிகளையும் பிரபுக்களின் மனைவிகளையும் போன்றவர்களைத் தவிர வேறு பெண்களைப் பற்றி அதிகம் எழுதிவைக்காத காலத்தில், இங்கே சாதாரணப் பெண்கள் பெயரோடு வருகிறார்கள். அடுத்த பகுதியில் அவர்களைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.