அரத்தின் பல்தடம் வயதைச் சொல்லாது
"அலகில் அரத்தின் பல்தடம் தெரிகிறது, அதனால் இது நூறாண்டுப் பழைய கத்திதான்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. எஃகு ஓர் அரத்திலிருந்து வந்தது என்பதை மட்டுமே அந்தத் தடம் சொல்லும். பழைய அரத்தை இன்று வாங்கி நாளையே கத்தியாக அடிக்கலாம். அழகுக்காகவே பற்களை விட்டுவைப்பவர்களும் உண்டு.

கைப்பிடியைப் பாருங்கள். நெடுங்காலம் புழங்கியதில் மரம் சுருங்கி, ஆணித்தலைகள் லேசாகத் துருத்தி நிற்கும். தீட்டித் தீட்டி அலகும் குறுகியிருக்கும். அமிலத்தில் ஊறவைத்து வரவழைத்த துரு பெரும்பாலும் விரல் படாத மூலையிலும் ஒரே சீராகப் படிந்திருக்கும். இடுக்கில் எபாக்சி பசை தெரிந்தால், கைப்பிடியாவது பிற்காலத்தது. 1940களுக்கு முன் அந்தப் பசை விற்பனையிலேயே இல்லை. பார்க்கும் ஆசையில் துருவை மட்டும் தயவுசெய்து சுரண்டிவிடாதீர்கள், இருக்கிற சான்றும் போய்விடும்.