பாதியில் போனவர்களையும் கணக்கில் எடுங்கள்

தோல் புற்றுநோயைத் தடுக்க ஆப், எஸ்எம்எஸ் என்று ஏதாவது ஒரு திட்டம் போட்டு அதைப் பற்றி ஆய்வு எழுதினால், கடைசிப் பக்கங்களில் பெரும்பாலும் ஒரு வரி வந்துவிடும். கணிசமானவர்கள் பாதியில் விலகிவிட்டார்கள், இது எங்கள் ஆய்வின் குறைபாடு. அவ்வளவுதான், அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள். எனக்கு எரிச்சலே அங்கேதான். பாதிக் கதை அந்த ஒரு வரிக்குள்தான் கிடக்கிறது.

2005-லேயே இணையவழி உடல்நல ஆய்வாளர் குந்தர் ஐசன்பாக் இதை எழுதிவிட்டார். இணையவழி உடல்நலத் திட்டம் என்றால் ஆட்கள் கழன்றுகொள்வது இயல்பு, அதையே தனியாக ஆராய வேண்டும் என்றார். கேள்வித்தாளை நிரப்ப வராமல் போவது ஒரு வகை. ஆய்வில் பெயர் இருக்கும், ஆனால் ஆப்பைத் திறக்கவே மாட்டார், அது இன்னொரு வகை. நான் மூன்றாவதாக ஒருவரையும் சேர்ப்பேன். வெயிலில் கிளம்பும்போது தொப்பியும் முழுக்கைச் சட்டையும் பழகிப்போனவருக்கு எதற்கு ஆப்? அவர் அதை அழித்துவிட்டால் அது திட்டத்துக்குக் கிடைத்த வெற்றி. நாமோ அவரையும் அக்கறையில்லாதவரையும் ஒரே பட்டியலில் போடுகிறோம்.

சரி, மற்றவர்கள் ஏன் போகிறார்கள்? பலன் கண்ணுக்குத் தெரியாது, அதுதான் முதல் காரணம். எடை குறைக்கிற ஆப் என்றால் ஒரு மாதத்தில் எடை மெஷினே பதில் சொல்லிவிடும். இங்கே பல வருஷம் கழித்து வராமல் போகப்போகிற ஒன்றுக்காக இன்றைக்குக் கையெல்லாம் சன்ஸ்கிரீன் பிசுபிசுப்பு. ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை 1621 பேரை வைத்து நடந்த சன்ஸ்கிரீன் ஆய்வையே பாருங்கள். தினமும் பூசச் சொன்ன குழுவில் மெலனோமா என்கிற கொடிய தோல் புற்றுநோய் மற்ற குழுவைவிடப் பாதியளவுதான் என்ற முடிவு வெளியானது 2011-ல்! ஆனால் எஸ்எம்எஸ் நினைவூட்டலைச் சோதித்து 2009-ல் வந்த ஆய்வு 70 பேரோடு 6 வாரம் நடந்தது. மெசேஜ் வந்தவர்கள் 56 சதவீத நாட்கள் சன்ஸ்கிரீன் பூசினார்கள், வராதவர்கள் 30 சதவீதம். நல்ல முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே மெசேஜ் ஆறாவது மாதம் வந்தால் எத்தனை பேர் படிப்பார்கள்?

அப்புறம், மச்சங்களைப் போட்டோ எடுக்கச் சொல்லி, அது புற்றுநோயா என்று கணிக்கும் ஆப்கள். முதுகில் இருப்பதை யார் எடுப்பது? உடம்பின் படங்கள் எந்த சர்வரில் போய் உட்காரும்? கறுத்த தோல்காரர் திறந்து பார்த்தால் மாதிரிப் படங்களில் பெரும்பாலும் வெளுத்த தோல்தான், இது நமக்கில்லை என்று மூடிவிடுகிறார். நம்மைப் போன்ற நிறத்தவருக்கு மெலனோமா அபூர்வம்தான், ஆனால் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் அதிகம் படாத இடத்தில்தான் பெரும்பாலும் வரும். பாடகர் பாப் மார்லிக்கு வந்ததே கால் பெருவிரல் நகத்துக்கு அடியில்தான். போதாக்குறைக்கு, இந்த வகை ஆப்களின் கணிப்பை நம்பி இருந்துவிட முடியாது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வே சொல்லிவிட்டது. பயந்து போய் அழித்தவரை எப்படிக் குறை சொல்வது?

இன்னொன்று, கடைசிவரை இருப்பவர்கள் யார்? பெரும்பாலும் ஏற்கெனவே உஷாராக இருப்பவர்கள். 100 பேர் சேர்ந்து 40 பேர் மிஞ்சுகிறார்கள், அதில் 30 பேர் ஒழுங்காகச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சியவர்களை மட்டும் எண்ணினால் 75 சதவீத வெற்றி, சேர்ந்த எல்லோரையும் எண்ணினால் 30. விளம்பரத்தில் எது வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மெலனோமாவால் அதிகம் சாகிறவர்கள் வயதான ஆண்கள். அவர்களில் எத்தனை பேர் அந்த 40-க்குள் இருந்தார்கள் என்று யாராவது தனியாகக் காட்டினால் நன்றாக இருக்கும்.

நான் கேட்பது பெரிய தொழில்நுட்பம் இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் எவ்வளவு கடுமை என்று காட்டும் புற ஊதாக் குறியீடு 3-க்குக் கீழே, அதாவது பாதுகாப்பு தேவைப்படாத அளவில், இருக்கிற நாளில் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆப் வேண்டும். மழை கொட்டும்போது 'சன்ஸ்கிரீன் பூசினீர்களா' என்று கேட்டால் யாருக்கும் கடுப்பாகும். இரண்டு மாதம் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவரை மறுபடி முதல் பக்கத்திலிருந்து நாற்பது கேள்வி கேட்காதீர்கள். ஆப்பை அழித்தவரைத் தேடிப்பிடிக்க முடியாது என்று சொல்லாதீர்கள், சேரும்போது வாங்கிய ஈமெயில் உங்களிடம்தானே இருக்கிறது. கேள்வித்தாளை நிரப்பச் சொல்லி நாலு முறை அனுப்புகிறீர்களே, ஐந்தாவதாக 'ஏன் போனீர்கள்' என்று ஒரு வரி அனுப்புங்கள், வருகிற பதிலை அப்படியே கட்டுரையில் போடுங்கள்.