வெட்டுக்குத்து மட்டும்தானா?

'லோன் உல்ஃப் அண்ட் கப்' என்ற ஜப்பானிய சாமுராய் காமிக்ஸ் தொடர் வெறும் ரத்தக்களரி என்று அதைப் பற்றிய கட்டுரை முடித்துவிட்டது கொஞ்சம் அநியாயம். தலை உருளாத அத்தியாயம் குறைவு, சரி. ஆனால் பழிவாங்கல் எதிலிருந்து தொடங்குகிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லையே! கதாநாயகன் ஒகாமி இட்டோ, ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகனின் மரண தண்டனை அதிகாரி. அந்தப் பதவிக்காக யாக்யூ குலத்தார் அவர் மனைவியைக் கொன்று, வீட்டு வழிபாட்டறையில் ஷோகனின் சின்னம் பொறித்த இறந்தோர் நினைவுப் பலகையை வைத்து, ஷோகனின் சாவை வேண்டியதாக அவரை ராஜத்துரோகி ஆக்குகிறார்கள். அப்புறம் இட்டோ தன் கைக்குழந்தை டாய்கோரோவின் முன் ஒரு வாளும் ஒரு பந்தும் வைக்கிறார். பந்தைத் தொட்டால் அம்மாவிடமே அனுப்பிவிடுவார், அதாவது கொன்றுவிடுவார். வாளைத் தொட்டால் அப்பாவோடு நரகப் பாதை. குழந்தை தவழ்ந்து போகும் அந்தப் பக்கங்களில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. தொடரிலேயே என்னை அதிகம் நடுங்க வைத்தது அதுதான்.

எழுத்து கசுவோ கொய்கே என்றால், பாதி உயிர் ஓவியர் கோசெகி கொஜிமாவின் தூரிகையில். மழை, புல், காற்று என்று வசனமே இல்லாமல் பக்கங்களை ஓட்டுவார்.

குறை இல்லாமல் இல்லை. கூலிக்கொலைகாரராக அலையும் இட்டோவுக்கு 500 ரியோ (பழைய ஜப்பானியத் தங்கக் காசு) கூலி, ஒரு சதி, ஒரு கொலை என்று நடுவில் ஒரே அச்சு. பெண்களை நடத்தும் விதம் பல இடங்களில் முகம் சுளிக்க வைக்கிறது. போதாததற்கு, 1970 முதல் 1976 வரை ஓடி, 28 தொகுதிகளாகத் தொகுக்கப்பட்ட நீண்ட தொடர் இது. புதிதாகத் தொடங்குபவர்கள் நடுவில் உள்ள தனிக்கதைகள் சிலவற்றைத் தாண்டலாம். யாக்யூ குலத் தலைவர் ரெட்சுடோவோடு இட்டோ மோதும் கடைசித் தொகுதிகளை மட்டும் வரிசை மாற்றாமல் படியுங்கள்.